அஷ்டமியில் படகேறுங்கள், ஏகாதசியில் பூநாரை பாருங்கள்
மும்பை வாசகர் கேள்வி–பதில்

போன ஞாயிறு காலை குழந்தைகளை அழைத்துக்கொண்டு சிவ்ரிக்குப் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கப் போனோம். கண்ணுக்கெட்டியவரை சேறு, தூரத்தில் சில வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். பறவைகள் வருவதில்லையா, நாங்கள் போன நேரம் தப்பா?
– மாட்டுங்கா வாசகர்

நேரம்தான் தப்பு. பூநாரை கால் நனையும் ஆழத்தில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரோடு பாசியையும் சிறு உயிர்களையும் வடிகட்டித் தின்னும். அதனால் தண்ணீரின் விளிம்பு எங்கேயோ அங்கேதான் அது மேயும். கடல் இறங்கினால் விளிம்பு வெகுதூரம் போய்விடும், பறவையும் கூடவே போய்விடும். சேறு முழுக்க மூழ்கினாலும் நிற்க இடமில்லாமல் வேறு சதுப்புக்குப் பறந்துவிடும். கடலேற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்போ பின்போ போனால்தான் கிட்டத்தில் பார்க்கலாம்.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது. மெரினாவில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்தான் இருக்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். இங்கே படகுக்காரர்கள் ‘பர்த்தி’, ‘ஓஹோட்டி’ என்று பேசிக்கொள்வது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

வீட்டுச் சுவரில் தமிழ் தினசரி காலண்டர் தொங்குகிறதா? அது போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று கடலேற்றம் பகல் 12 மணியை ஒட்டி வரும், இறக்கம் காலை 6, மாலை 6 வாக்கில். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 40 முதல் 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் கணக்கு தலைகீழாகி, விடியலிலும் மாலையிலும் ஏற்றம், நண்பகலில் இறக்கம். இது கைக்கணக்கு, அரை மணி முதல் ஒரு மணி வரை பிசகும். கிளம்பும் முன் இணையத்தில் அன்றைய கடல் ஏற்ற இறக்க அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் ‘4.8 மீட்டர்’ என்று இருந்தால் அது அலையின் உயரம் இல்லை, நீர்மட்டம். மழைக்காலத்தில் தொலைக்காட்சிகளே இதைக் குழப்பிவிடுகின்றன.

ஞாயிற்றுக்கிழமையில் ஏகாதசியோ துவாதசியோ வந்தால் விடாதீர்கள். ஏற்றம் 9, 10 மணிக்கு. 7 மணிக்கே போய் நின்றால் நீர் உங்களை நோக்கி வரும், பறவைக் கூட்டமும் வரும். ஒரே குறை, சிவ்ரிக் கரை கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். படம் எடுக்க விரும்புகிறவர்கள் திருதியை, சதுர்த்தி நாளில் மாலை நாலரைக்குப் போகலாம். நீர் இறங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சம் முதுகுப் பக்கம்.

கிங்ஸ் சர்க்கிளில் சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி.) வண்டி ஏறினால் வடாலாவுக்கு அடுத்தது சிவ்ரி. அங்கே ஆட்டோ கிடையாது, டாக்ஸிதான். ஞாயிறன்று ஹார்பர் லைனில் மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) உண்டா என்று முதல் நாளே பாருங்கள். பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி மாலை வரை இழுக்கும், திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். 8×42 பைனாகுலர் ஒன்று போதும். குழந்தைகளைச் சேற்றில் இறங்கவிடாதீர்கள், முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். நவி மும்பையின் ஐரோலியிலிருந்து வனத்துறைப் படகில் பூநாரை பார்க்கப் போவதானாலும் இதே கணக்குதான், படகு நேரத்தையே கடலேற்றத்தை வைத்துத்தான் போடுகிறார்கள்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு மூட்டுவலி. எலிஃபண்டா குகைக்கு அழைத்துப் போகலாமா?
– செம்பூர் வாசகி

போகலாம். திங்கள் வேண்டாம், குகைக்கு விடுமுறை. ஞாயிறு கூட்டம். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், கேட்வே ஆஃப் இந்தியாவில் காலை 9 மணியை ஒட்டிக் கிளம்பும் படகைப் பிடியுங்கள். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், பெரியவர்களோடு அந்த மாதங்களில் முயல வேண்டாம்.

எல்லோரும் மலைப்படியை நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் சிரமம் படகில் ஏறி இறங்குவதில்தான். கடல் நன்றாக இறங்கியிருந்தால் கேட்வே படித்துறையின் அடிப்படிகள் வெளியே தெரியும். பாசி படிந்து வழுக்கும். படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டியிருந்தால் ஒன்றைத் தாண்டி மற்றதற்குப் போக வேண்டியிருக்கும். அஷ்டமி, நவமி என்றால் நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவோம் இல்லையா? படகேற அந்த நாள்தான் உத்தமம். அன்று ஏற்ற இறக்கம் குறைவு, நண்பகலில் இறங்கினாலும் ரொம்ப இறங்காது. அம்மாவுக்குப் பின்பட்டை உள்ள ரப்பர் அடிச் செருப்பு போட்டுவிடுங்கள். புடவையைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளட்டும். மேல்தளத்துக்கு ஏணி செங்குத்து, கீழ்தளத்தில் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டமும் குறைவு. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. 2024 டிசம்பர் படகு விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வாங்கி மடியில் வைத்துக்கொள்ளாமல் வாரை மாட்டுங்கள்.

தீவில் படகுத்துறையிலிருந்து அடிவாரம் வரை சிறு ரயில் உண்டு. அதன் பிறகு 120 படி வாக்கில், இரு பக்கமும் கடைகள். டோலி நாற்காலி கிடைக்கும், ஏறும் முன்பே போக வர இரண்டுக்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள். பஞ்சாயத்து வரியும் குகை நுழைவுச் சீட்டும் தனித்தனி. சில்லறை கையில் இருக்கட்டும். குரங்குத் தொல்லை உண்டு, தின்பண்டமோ தண்ணீர் பாட்டிலோ கையில் தெரியக் கூடாது. பெரிய குகை ஒன்றைப் பார்த்தாலே போதும்: சுமார் 20 அடி உயர சதாசிவம், அதற்கு இடப்பக்கம் அர்த்தநாரி, வலப்பக்கம் கங்காதரர். மற்ற குகைகளில் முடிவடையாத வேலைதான் அதிகம். இரவு தங்க அனுமதி கிடையாது, கடைசிப் படகுக்குக் காத்திராமல் 2 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

ஜூஹூவில் மழைக்காலத்தில் நீலப் பை போல ஒன்று கரை ஒதுங்குகிறது. பையன் தொட்டுவிட்டுத் துடித்துப்போனான். என்ன செய்ய வேண்டும்?
– அந்தேரி வாசகர்

அதை ‘புளூ பாட்டில்’ என்பார்கள். காற்றடைத்த பையோடு மிதக்கும் உயிர், தானாக நீந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று தள்ளிக்கொண்டுவந்து கரையில் போட்டுவிடும். பைக்குக் கீழே தொங்கும் நீல இழைகளில்தான் விஷம். செத்து, காய்ந்து கிடந்தாலும் கொட்டும்.

தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், எலுமிச்சையும் சிறுநீரும் வேண்டாம். கடல் தண்ணீரை ஊற்றியே கழுவுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் விஷச் செல்கள் இன்னும் வெடிக்கும். இழையைச் சாமணத்தால் எடுங்கள், வெறுங்கையால் வேண்டாம். பிறகு பொறுக்கிற சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள், குழந்தைத் தோல் வெந்துவிடக் கூடாது. மூச்சு திணறினாலோ, முகம் வீங்கினாலோ, கண்ணில் பட்டிருந்தாலோ வெந்நீருக்கெல்லாம் காத்திராமல் உடனே மருத்துவமனை.

சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க கிர்காவ் சௌபாட்டி போனேன், மலைக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது!
– தாராவி வாசகர்

அது மலபார் ஹில். சௌபாட்டிக்கு மேற்கை அது மறைத்துக்கொண்டிருக்கிறது. மரைன் டிரைவில் நரிமன் பாயிண்ட் முனை வரை நடந்துவிடுங்கள், கடல் திறந்துவிடும். டிசம்பரில் 6 மணியை ஒட்டி மறையும், அரை மணி முன்பே போய் இடம் பிடியுங்கள். நான்முனைக் கான்கிரீட் கற்கள் மேல் இறங்கி உட்கார வேண்டாம், ஈரத்தில் வழுக்கி இடுக்கில் விழுந்தால் ஏறி வருவது கடினம்.