ஐந்து சுரங்களில் ஒரு விடியற்காலை நடை

கேள்வி: கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன், சிறு வயதிலிருந்து வீணை கற்று வருகிறேன். விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் குளத்திலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை வரை நடந்து செல்வது மட்டுமே ஆட்டமாக அமையும் ஒரு சிறிய கணினி விளையாட்டைச் செய்து வருகிறேன். எதிரிகளோ மதிப்பெண்ணோ இல்லை. நடப்பவரின் போக்குக்கேற்ப இசை மாற வேண்டும். மோகன ராகத்தில் சில பகுதிகளை வாசித்துப் பதிவு செய்து, இடத்துக்கு ஒன்றாக இணைத்தேன். ஆனால் இடம் மாறும்போதெல்லாம் இசை அறுந்து அறுந்து கேட்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

– வாசகி, மயிலாப்பூர், சென்னை.

பதில்: இடத்துக்கு ஒரு பதிவு என்று வைத்ததுதான் சிக்கல். தம்புரா, வீணை, மிருதங்கம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக, தொடக்கம் முதல் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, தூரத்துக்கேற்ப அவற்றின் ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்குங்கள். காதில் விழாத அடுக்கும் உள்ளே தாளம் பிசகாமல் ஓடிக்கொண்டிருப்பதால், எப்போது மேலெழுந்தாலும் சரியான இடத்தில் வந்து சேரும். விலையின்றிக் கிடைக்கும், விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ மென்பொருளின் 4.3 பதிப்பில் இதற்கான வசதி உள்ளது. 1991-லேயே லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தின் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும், காட்சி மாறினாலும் இசை அறுபடாமல் அடுத்த பகுதிக்குச் செல்லும் முறையை ஐமியூஸ் என்ற பெயரில் உருவாக்கிவிட்டார்கள்.

அடுத்தது தாளம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், நொடிக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 8 நொடி ஆகும். ஒவ்வொரு மாற்றமும் சமத்துக்காக, அதாவது அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கைக்காக, காத்திருந்தால், காகம் கரையும் இடத்தை நடப்பவர் கடந்த பிறகே அதன் ஒலி எழும். எனவே சிறிய ஒலிகள் அடுத்த எண்ணிக்கையிலும், புதிய அடுக்கு லகு (சுற்றின் முதல் நான்கு எண்ணிக்கை) முடிவிலும் சேரட்டும். பெரிய மாற்றங்கள் மட்டும் சமத்துக்குக் காத்திருக்கட்டும்.

நீங்கள் மோகனத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு ஆதார சுருதியை, அதாவது ‘ச’ நிற்கும் இடத்தை, மட்டும் பஞ்சமத்துக்கு (ப) மாற்றினால் சுத்த சாவேரி ராகமும், காந்தாரத்துக்கு (க) மாற்றினால் ஹிந்தோள ராகமும் பிறக்கின்றன. கிரக பேதம் என்று வீணை வகுப்பில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய இந்த இலக்கணம், உங்கள் விளையாட்டின் வரைபடமாகவே ஆகிவிடும்: குளக்கரையில் மோகனம், சாந்தோமில் சுத்த சாவேரி, மணலில் கால் வைக்கும்போது ஹிந்தோளம். நடப்பவருக்கு அம்புக்குறி எதுவும் வேண்டாம்; இடம் மாறியதைக் காதே சொல்லிவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லையாதலால் அங்கே தம்புராவை மத்திமத்துக்கு (ம) சேர்க்க வேண்டும். அத்துடன், இரண்டு தம்புராக்கள் ஒருசேரக் கேட்டால் ஆதாரமே குழம்பிவிடும் என்பதால், பழையது முழுவதும் அடங்கிய பிறகே புதியது தொடங்க வேண்டும். இரண்டாவதாக, கமகத்தோடு (சுரங்களை அசைத்து) வாசித்த மோகனப் பிடிகள், அதாவது அந்த ராகத்துக்கே உரிய சிறு சுரக்கோவைகள், ஹிந்தோளத்தில் ஒட்டமாட்டா. மூன்று இடங்களுக்கும் பொதுவாக வரும் ஒலிகளை அசைவில்லாத தனிச் சுரங்களாகவும், ராகத்துக்கு உரிய பிடிகளைத் தனித்தனியாகவும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பிடிக்கும் நான்கைந்து வடிவங்கள் இருந்தால், ஒரே வாசிப்பு அடுத்தடுத்து வந்து சலிப்பூட்டாது.

காட்சிக்கு மூன்று நிறங்களே போதும். கடலை எட்டியதும் மிருதங்கத்தையும் வீணையையும் மெல்ல அடக்கி, தம்புராவையும் அலையோசையையும் மட்டும் விட்டுவிடுங்கள்; நடப்பவர் விரும்பும் வரை அங்கே நிற்கட்டும்.