ஒரு நாட்டின் சுற்றுச்சூழல் விதி இன்னொரு நாட்டுக்கு எப்படிப் பரவுகிறது?

பெரும்பாலும் சந்தை வழியாக. சென்னையில் புது வண்டி வாங்கியவர் ஆர்.சி.யைப் பாருங்கள், பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்றிருக்கும்; வண்டிப் புகையில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்று சொல்லும் விதி. ஐரோப்பாவின் யூரோ 6 விதியை ஒட்டி எழுதியது அது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க அமல்; பி.எஸ். 4-லிருந்து நேராக 6-க்கு வந்தோம், 5 இல்லாமலே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்பவர்கள் ஏற்றுமதியும் செய்கிறார்கள். அதனால் தொழில்நுட்பம் அவர்களுக்குப் புதிதல்ல. எரிபொருள்தான் பெரிய வேலை. பெட்ரோல், டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்க வேண்டும். அதற்காகச் சுத்திகரிப்பு ஆலைகளையே மாற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பிய விதியை அப்படியே நகலெடுக்கவும் இல்லை. வண்டியை ஓட்டிப் புகையை அளக்கும் ஐரோப்பாவின் பழைய சோதனைமுறையில் வேகம் மணிக்கு 120 கி.மீ. வரை போகும், நம்முடையதில் 90 தான். நம் சாலைகளுக்கு அதுவே நியாயம் என்பேன்.

பணக்கார நாடுகளிலிருந்துதான் விதி வரும் என்றில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பைகளை நாடு முழுக்க முதலில் தடைசெய்தது வங்கதேசம், 2002-ல். வெள்ள நேரத்தில் பைகள் வடிகால்களை அடைத்துக்கொண்டன. 2015 மழையைப் பார்த்த சென்னைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் உத்தரவு மட்டும் வந்தால் கடைக்காரர் எதில் கட்டிக் கொடுப்பார்? அதனால்தான் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்ததை முக்கியமாக நினைக்கிறேன்.