1874ல் வங்கக் கடலில் ஒரு கணவாய் கப்பலைக் கவிழ்த்ததாமே, உண்மையா? மூன்று இதயம், நீல ரத்தம் என்பதெல்லாம் நிஜமா?

இதயமும் ரத்தமும் நிஜம். கப்பல் கதையை நான் நம்பவில்லை. இரண்டுக்கும் சாட்சி ஒன்றுதான்: மீன் சந்தையில் கிடைக்கும் ஊசிக்கணவாய். சென்னைப் பக்கம் கடம்பா என்று கேட்டால் தருவார்கள். ஒன்றை வாங்கி அறுத்துப் பார்த்தால் முதல் கேள்விக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கும்.

வாங்கும்போதே "சுத்தம் பண்ண வேண்டாம், அப்படியே கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தில் தலையைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி அதோடு போய்விடும். உடல் மட்டும் ஒரு சாண் நீளம் இருந்தால் நல்லது. தோலில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாயப்பை. அதைச் சுற்றியுள்ள நுண்தசைகள் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பிடித்துச் சில மணி நேரமே ஆன கணவாயை விரலால் சுண்டினால், செத்த பிறகும் புள்ளிகள் மினுக்கும். புள்ளிகள் கலைந்து, சதையே இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழசு, விட்டுவிடுங்கள். உறைய வைத்த கணவாயில் வாயிலிருக்கும் அலகு, உடலுக்குள் இருக்கும் மெல்லிய தகடு இரண்டையும் பார்க்கலாம்; இதயம் தேற வாய்ப்பு குறைவு. பனிப்படிகங்கள் மெல்லிய திசுக்களைக் கிழித்துக் கூழாக்கிவிடும்.

ஓட்டுக்கணவாயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அகலமாக, உடலைச் சுற்றித் துடுப்போடு இருக்கும். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது இதைத்தான். பெயர் அப்படி இருந்தாலும் நுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நுண்ணிய அறைகளில் காற்றும் நீரும் மாற்றி மாற்றி நிரப்பி, மிதக்கவும் அமிழவும் அந்த ஓடு உதவுகிறது. ஊசிக்கணவாயில் ஓடு தேய்ந்து, கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தகடாகிவிட்டது. இரண்டுக்குமே எட்டுக் கைகளும் இரண்டு நீண்ட பற்றுக்கைகளும் உண்டு. எட்டோடு நின்றால் அது பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ்.

கத்தி வேண்டாம், சிறிய கத்தரிக்கோல் போதும். ஒரு வெள்ளைத் தட்டில் கணவாயை மல்லாக்கப் போடுங்கள். கழுத்தடியில் குழல் ஒன்று தெரியும் பக்கம்தான் வயிறு. பை போன்ற உடலின் வாயில் கத்தரியை நுழைத்து நடுக்கோட்டில் நுனிவரை வெட்டுங்கள். கத்தரியின் கீழ்முனை எப்போதும் தோலை மேலே தூக்கியபடியே போக வேண்டும், ஏனென்றால் அதற்கு நேர் அடியில் வெள்ளி போல மின்னும் மைப்பை இருக்கிறது. குத்துப்பட்டால் தட்டு முழுக்கக் கறுப்பாகிவிடும். அப்படி ஆனால் குழாயை மெல்லத் திறந்து கழுவுங்கள். வேகமாகத் திறந்தால் செவுள் பிய்ந்து வந்துவிடும்.

திறந்ததும் பெண் கணவாயில் இரண்டு தடித்த வெள்ளைச் சுரப்பிகள் கண்ணில் படும். இதுதான் இதயம் என்று பலர் ஏமாறுவது இங்கேதான். முட்டைக்கு உறை சுரக்கும் அவற்றை மெல்ல விலக்கினால் இரு பக்கமும் இறகு போல இரண்டு செவுள்கள். ஒவ்வொரு செவுளின் அடியிலும் வெளிர்நிறத்தில் பயறு போல ஒன்று இருக்கும். அவை இரண்டும் செவுள் இதயங்கள். நடுவில், சற்றே ஒளி ஊடுருவும்படி இருப்பது மூன்றாவது. செவுளின் நுண்குழாய்களைக் கடக்கும்போது ரத்தத்தின் அழுத்தம் சரிந்துவிடும். அதனால் ரத்தத்தைச் செவுளுக்குள் தள்ள இரண்டு, அங்கிருந்து வருவதை உடலெங்கும் அனுப்ப ஒன்று.

நீலம் மட்டும் உங்களை ஏமாற்றக்கூடும். கணவாயின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு கொண்ட ஹீமோசயனின். ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் கிட்டத்தட்ட நிறமே இல்லை. செத்துப் பல மணி நேரமானதில் வெறும் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். நம் ஹீமோகுளோபின் சுமக்கும் அளவுக்கு இது சுமக்காது. கப்பல் கதைக்கு வரும்போது இது தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

பையின் உட்சுவரில், கழுத்துக்கு அருகே இரு பக்கமும் நட்சத்திரம் போல ஒரு நரம்பு முடிச்சு தெரியும். அதிலிருந்து விரியும் இழைகளில்தான் புகழ்பெற்ற ராட்சத நரம்பிழை இருக்கிறது. பெரிய கணவாய்களில் அது ஒரு மில்லிமீட்டர் வரை தடிக்கும். 1936ல் விலங்கியலாளர் ஜே. இசட். யங் இதன் அருமையை எடுத்துச் சொன்னார். 1939ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் இந்த இழைக்குள் மின்முனையைச் செருகி, நரம்பில் ஓடும் மின்துடிப்பை உள்ளிருந்தே அளந்தார்கள். 1963ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு தடிமன் எதற்கு? நம் நரம்புகளைப் போல இதற்குக் கொழுப்புறை கிடையாது. வேகம் வேண்டுமென்றால் தடித்தே ஆக வேண்டும். பை முழுவதும் ஒரே நொடியில் சுருங்கினால்தான் குழல் வழியாக நீர் பீறிட்டு, கணவாய் பின்னோக்கிப் பாயும்.

அடுத்து தலை. கைகளின் நடுவே விரல்களால் அழுத்தினால் கருப்பு அலகு பிதுங்கி வரும். கிளி மூக்கு போல இருந்தாலும் பொருத்தம் தலைகீழ். கணவாயில் கீழ்அலகுதான் மேல்அலகைக் கவ்வுகிறது. திமிங்கிலத்தின் வயிற்றில் செரிக்காமல் தங்குவது இந்த அலகுகள்தான். தூத்துக்குடிப் பக்கம் பிடிபட்டதாகச் செய்தியில் 'திமிங்கில உமிழ்நீர்' என்று வருகிறதே, அம்பர்கிரிஸ், அதற்குள்ளும் கணவாய் அலகுகள் புதைந்திருப்பதுண்டு. அது உமிழ்நீரே அல்ல, எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் கட்டி. அலகுக்குப் பின்னால் போகும் உணவுக்குழாய் மூளையின் நடுவே துளைத்துக்கொண்டு செல்கிறது. அதனால் கணவாய் எதையும் பொடிப்பொடியாகக் கடித்துத்தான் விழுங்க முடியும். கண்ணைக் கீறினால் மணி போல ஒரு வில்லை உருண்டு வரும். புதிய கணவாய் என்றால் அதைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள், எழுத்து பெரிதாகத் தெரியும்.

இப்போது கப்பல். 1874 ஜூலையில் லண்டன் டைம்ஸில் வந்த செய்தி இது. பேர்ல் என்ற 150 டன் பாய்க்கப்பல் மொரீஷியஸிலிருந்து ரங்கூனுக்குப் போகும் வழியில், மே 10ம் தேதி, காற்றின்றி நின்றிருந்தது. மிதந்துகொண்டிருந்த கணவாயை மாலுமித் தலைவர் சுட்டார். அது கைகளை வீசிக் கப்பலைச் சாய்த்து மூழ்கடித்தது. கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஸ்டிராத்தோவன் என்ற நீராவிக் கப்பல் தப்பியவர்களை மீட்டது. செய்தி சொல்வது இவ்வளவுதான். நீராவிக் கப்பலில் இருந்தவர்கள் பார்த்தது தொலைவிலிருந்து, தொலைநோக்கி வழியே. அதைத் தாண்டி உறுதியான சான்று கிடைத்ததில்லை.

தட்டில் கிடப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் எலும்பு இல்லை. தண்ணீர் தாங்கும்வரைதான் அதற்குப் பலம். மேலே தூக்கினால் துவண்டு தொங்கும். ராட்சதக் கணவாயின் நிலை இன்னும் மோசம். மிதப்பதற்காக அதன் தசைகளில் அம்மோனியம் கரைசல் நிறைந்திருக்கிறது, சதை பஞ்சு போல இருக்கும். 1861ல் டெனெரிஃப் தீவருகே அலெக்தோன் என்ற பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைக் கயிறு போட்டு இழுத்தபோது, கயிறு சதையை அறுத்துக்கொண்டு போய் வால் துண்டு மட்டுமே மிஞ்சியது. கயிறு தாங்காத உடம்பு கப்பலை இழுக்குமா? இதுவரை பிடிபட்டவற்றில் மிகக் கனமானது, 2007ல் அண்டார்டிகாவின் ராஸ் கடலில் சிக்கிய பெருங்கணவாய் என்ற வேறோர் இனம். அதுவே 495 கிலோதான். போதாததற்கு அந்த நீல ரத்தம். ராட்சதக் கணவாய் வாழ்வது குளிர்ந்த ஆழத்தில். நீர் சூடேறினால் அதன் ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கத் திணறும். மே மாத வங்கக் கடலின் மேற்பரப்பு கிட்டத்தட்ட 30 டிகிரி. அங்கே மிதந்து வந்திருந்தால் அது சாகும் தறுவாயில் இருந்திருக்கும்.

அறுத்ததை வீணாக்க வேண்டாம். குடல், மைப்பை, கண், அலகு, தகடு எல்லாவற்றையும் நீக்குங்கள். ஆண் கணவாயில் இருக்கும் வெள்ளை நூல் போன்ற விந்துப்பொதிகளையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அரைவேக்காட்டில் உள்ளுறுப்போடு தின்ற ஒரு கொரியப் பெண்ணின் வாய்க்குள் அவை குத்திக்கொண்டதாக 2012ல் ஒரு மருத்துவப் பதிவு உண்டு. பையை வளையமாக நறுக்கி, நன்றாகக் காய்ந்த சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டி இறக்குங்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் ரப்பர் ஆகிவிடும். அப்போது தண்ணீர் ஊற்றி மூடி, முக்கால் மணி நேரம் சிறுதீயில் விட்டால் இறுகிய சதை மறுபடி இளகிவிடும்.