இருபது நிமிடக் குளக்கரைக்கு ஆறாயிரம் ரூபாயா?

கேள்வி: நாகர்கோவிலில் தனியார் நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. மாதக் கடைசி வந்தால் தூக்கம் போய், தோள்பட்டை இறுகிவிடுகிறது. பேச்சிப்பாறைப் பக்கம் இரண்டு நாள் 'வனக் குளியல்' முகாம், ஆறாயிரம் ரூபாய் என்கிறார்கள். போகலாமா?

பதில்: வேண்டாம். வனக் குளியல் என்பது 1982-இல் ஜப்பான் வனத்துறை பரப்பிய பெயர். மரங்களுக்கிடையே அவசரமில்லாமல் இருப்பதுதான் விஷயம். வருடத்துக்கு இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் மாதாமாதம் இறுகும் தோளுக்கு என்ன பயன்? 2019-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், வெளியே 20 முதல் 30 நிமிடம் இருந்தபோதுதான் மன அழுத்த ஹார்மோன் வேகமாகக் குறைந்தது. அதற்கு மேல் இருந்தாலும் குறையும், ஆனால் மெதுவாக. அந்த நேரத்தில் போன், புத்தகம், பேச்சு, வேர்க்க வேர்க்க நடை எதுவும் கூடாது என்பது அவர்கள் வைத்த விதி.

வாரம் மூன்று நாள் போதும். காலை ஆறரைக்குள் வாய்க்கால் ஓடும் ஒரு சானல்கரைக்கோ குளத்தங்கரைக்கோ போங்கள். போன் வண்டிப் பெட்டிக்குள் இருக்கட்டும். காலடி எண்ணும் கடிகாரத்தையும் கழற்றுங்கள், அதுவும் ஒரு கணக்குதான். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் நீர்க்காகம் முங்குவதையோ தாமரை இலையில் தண்ணீர் உருளுவதையோ பார்த்திருங்கள். அலுவலக நினைப்பு வரும். விரட்டாமல், காதில் விழும் ஆகத் தொலைவான சத்தத்துக்குத் திரும்புங்கள். முதல் வாரம் மனசு முன்னைவிட அதிகமாக இரையும். பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுவது இதனால்தான்.

தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டம் வாங்க ஆளிருக்கிறது, குளக்கரைகளில் குப்பை மூட்டை வீசுகிறவனைப் பிடிக்கத்தான் ஆளில்லை. அதனால் நாற்றமும் தெருநாயும் இல்லாத கரையா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முகாம் தரகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சரணாலயக் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பேச்சை மாற்றினால், உங்களைக் கூட்டிப்போவது ஏதோ ரப்பர் தோட்டத்துக்காக இருக்கும். வரிசையாக நட்ட மரம், மழை பெய்தால் கால் முழுக்க அட்டை. 'சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்' என்றால் சான்றிதழ் கொடுத்தது யார் என்று கேளுங்கள். முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள்.

கடலுக்குப் போவதானால் ஒன்று. முட்டம் மாதிரி இடங்களில் பாறைமேல் கண்மூடி உட்காரும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. கள்ளக்கடல் என்கிற திடீர் அலையேற்றம் காற்றைப் பார்த்து வருவதில்லை. எங்கோ தென் சமுத்திரத்துப் புயல் கிளப்பிய அலை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே ஏறிவரும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது எச்சரிக்கை வந்திருந்த நேரத்தில்தான். எச்சரிக்கை அலுவலகக் கோப்புகளில் சுற்றுகிறது, கரையில் நிற்கிறவன் காதுக்கு வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பாறையும் அலைவாய்க்கரையும் வேண்டாம், மேட்டு மணலில் கண்ணைத் திறந்துகொண்டே உட்காருங்கள். மீனவர்கள் வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்குச் சானல்கரையே போதும்.