‘தி சாங் ஆஃப் பெர்னடெட்’ (1943) படத்தில் எவ்வளவு உண்மை?

பெரும்பகுதி நடந்ததுதான். பிரான்ஸின் லூர்து ஊர்க் குகையில் 14 வயதுப் பெர்னடெட் 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 முறை காட்சி கண்டதாகச் சொன்னாள். பிப்ரவரி 25 அன்று, ஊற்று நீரைக் குடி என்று அவள் கண்ட உருவம் சொன்னதாக, சேற்றைக் கையால் தோண்டி, ஊறிய கலங்கல் நீரை மூன்று முறை கொட்டிவிட்டு நான்காம் முறைதான் குடித்தாள். சேறு அப்பிய முகத்தைப் பார்த்துக் கூட்டம் பைத்தியம் என்றது. படத்தின் உச்சமே அந்த இடம்தான்.

மாவு மில்காரன் அந்துவான் அவள் மீது கொள்ளும் காதல் கற்பனை, படத்துக்கு மூலமான நாவலிலிருந்து வந்தது. இன்னொன்று: தான் கண்ட உருவத்தை முதலில் அவள் மாதா என்று சொல்லவில்லை, ஊர்ப்பேச்சில் ‘அக்கேரோ’, அதாவது ‘அது’ என்றாள். நீ யார் என்ற கேள்விக்கு ‘நாமே அமல உற்பவம்’ (பாவமின்றிக் கருவானவள், அதாவது மாதா) என்ற பதில் மார்ச் 25 அன்றுதான் கிடைத்தது. பெர்னடெட்டாக நடித்த ஜெனிஃபர் ஜோன்ஸுக்குக் கிடைத்த ஆஸ்கர், என் கணக்கில், நியாயமானதே.