பங்காளி விற்ற பங்கு: வீட்டு வளவுக்குள் வெளியாள் வரலாமா?

கேள்வி: காரைக்குடியில் கொள்ளுத்தாத்தா பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு, ஏழு புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு)ப் பாத்தியம். பெரியப்பா மகன் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பங்கை வெளியூர்க்காரருக்குக் கிரயம் கொடுத்துவிட்டார். வாங்கியவர் ஹோட்டல் நடத்தப்போகிறாராம். இடப்பக்க இரட்டை வீடு (ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு அறைகள்) 1962-லேயே எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. கிரயத்தை ரத்து செய்ய முடியுமா?

பதில்: முடியாது. பிரிபடாத பங்கை விற்க உங்கள் சம்மதம் தேவையில்லை. பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர், அண்ணனின் துரோகம் எல்லாம் மனுவில் அழகாக இருக்கும், நீதிபதி படிக்கமாட்டார். அவர் கேட்பது ஒன்றுதான்: வீடு இன்னும் பிரிபடாத குடும்ப வீடா?

ஆம் என்றால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44-ஆவது பிரிவின்படி வெளியாள் உங்களோடு கூட்டாக வீட்டை அனுபவிக்க உரிமை கேட்க முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் அவர் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

உங்களைக் கவிழ்க்கப்போவது அந்த 1962-தான். 'அன்றே பிரித்துவிட்டோம்' என்று ஒரு போலீஸ் புகாரில் எழுதினாலும் போதும், பிரிந்த வீட்டில் ஒரு பாகத்தை வாங்கியதாக வாங்கியவர் சொல்லிவிடுவார்; இந்த இரண்டு பிரிவும் உங்களுக்கு உதவாது. என் கட்சிக்காரர் ஒருவர் கோபத்தில் எழுதிய இரண்டு வரி, குறுக்கு விசாரணையில் அவருக்கெதிராகவே சான்றாவணமாக வந்தது. உண்மையில் நடந்தது என்ன? அறையை வசதிக்காக ஒதுக்கினார்கள். முகப்பும் நடுமுற்றமான வளவும் கிணறும் இன்றுவரை பொது. அதுதான் நடந்தது என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். பத்திரமே பதிவாகியிருந்தால் கதை வேறு. முதலில் அதைக் காட்டுங்கள்.

அவசரப்பட்டு நீங்களே பாகம் கேட்டு வழக்குப் போடாதீர்கள். வழக்குப் போட்டவர் வெளியாளாக இருந்தால்தான் 4-ஆவது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. அவர் உள்ளே வராதபடி தடையுத்தரவு மட்டும் கேளுங்கள். கூடவே நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பித் தூண், கதவு, நிலை எல்லாவற்றையும் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பிரிவுகள் குடியிருப்பு வீட்டுக்குத்தான் என்பதால், பூட்டிக் கிடக்கும் வீடு குடியிருப்பா என்று எதிர்த்தரப்பு கேட்கும். கல்யாணத்துக்கும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும் திறப்பதற்கான ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள்.

இனி பணம். 4-ஆவது பிரிவில் நீங்கள் தரவேண்டியது அவர் பத்திரத்தில் காட்டிய தொகை அல்ல, நீதிமன்றம் மதிப்பிடும் விலை. அதைப் புரட்ட முடியாதென்றால் சமரசம் பேசுங்கள்: எல்லோருமாக அவருக்கே குத்தகைக்கு விடலாம், அல்லது சேர்ந்து விற்கலாம். இழுத்துக்கொண்டே போனால், பாகப்பிரிவினை வழக்கில் வீட்டைச் சரியாகப் பிரிக்க முடியாத நிலையில், பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்டால் வீட்டை ஏலத்துக்கு விட நீதிமன்றத்தால் முடியும்.

அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது யார் எவ்வளவு தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு வாருங்கள், வழக்கைப் பேசலாம்.