மாம்பூவின் இரு நிறங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள எங்கள் மாந்தோப்பில் அமர்ந்து பூ, இலை, பட்டை ஆகியவற்றை நீர்வண்ணத்தில் நுணுக்கமாக வரைந்து வருகிறேன். முதன்முறையாக ஊரில் காட்சிக்கு வைத்தபோது, "இதற்குக் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதாதா?" என்று பலரும் கேட்டார்கள். அனுப்பியுள்ள மூன்று படங்களையும் பார்த்து, இவ்வகை ஓவியத்துக்கு மதிப்பு உண்டா என்று சொல்ல வேண்டுகிறேன்.
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உண்டு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மாம்பூவின் இதழில் ஓடும் வரிகள், பூ விரிந்த புதிதில் மஞ்சளாக இருந்து, பூ முதிர முதிரச் சிவப்பேறுபவை. நீங்கள் ஒரே கொத்தில் இரு நிறங்களையும் பூவுக்குப் பூ பிரித்துக் காட்டியிருப்பதுடன், மகரந்தத்தாள்களில் ஒன்று மட்டும் நீண்டு நிற்பதையும் விடாமல் வரைந்திருக்கிறீர்கள். கைபேசியும் இவற்றைப் பதிவு செய்யும். ஆனால் எது முக்கியம் என்று தேர்ந்து, மற்றதை அடக்கி, நம் கண்ணை அங்கே நிறுத்துவது வரைபவரின் கைதான்.

காலில் மிதிபடும் புல்கற்றை ஒன்றை ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503-இல் நீர்வண்ணத்தில் வரைந்த படம் இன்றும் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டுக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் சூட்டினார்.

இலைப் படத்தில்தான் எனக்குக் குறை. தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கி, பிறகு இளம்பச்சையாகி, கடைசியில் கரும்பச்சையாவதை நாள்தோறும் காண்கிற நீங்கள், எல்லா இலைக்கும் ஒரே பச்சையைப் பூசியிருக்கிறீர்கள். குழாயில் வரும் பச்சையை ஒதுக்கிவிட்டு, மஞ்சளும் நீலமும் கலந்து, துளி சிவப்பால் அடக்கிப் பாருங்கள். இலையின் மினுமினுப்புக்குத் தாளின் வெண்மையையே விட்டுவையுங்கள். தத்துப்பூச்சி சுரக்கும் தேன்கசிவின்மேல் படரும் கரும்பூசணத்தையும், அழகைக் கெடுக்கும் என்றெண்ணி விட்டுவிட்டீர்கள் போலும். அதையும் வரையுங்கள், தோப்புக்காரர் தம் மரத்தை அடையாளம் காண்பது அதில்தான். பட்டையின் படம் குறையற்றது.

வரும் தையில் ஒரே கிளையைத் தேர்ந்து, பூ அரும்புவது முதல் வடு திரள்வது வரை வாரம் ஒரு தாளாக, ஓரத்தில் தேதியும் நேரமும் குறித்து வரைந்து, அடுத்த காட்சியில் அவற்றை வரிசையாக மாட்டுங்கள்.